புள்ளிகளுக்கு முன்னால் பிறந்த தேதி: இளம் ஐஸ் ஹாக்கி வீரர்களைத் தொடர்ந்து கவனிப்பது எப்படி

2020 அக்டோபர் 6. வட அமெரிக்காவின் முதல் நிலை ஐஸ் ஹாக்கி லீகான என்.எச்.எல்.லின் அணிகள் இளம் வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வுதான் டிராஃப்ட். கொரோனா காலம் என்பதால் அந்த வருட டிராஃப்ட் அரங்கத்தில் நடக்கவில்லை. காணொளி வழியாகவே பெயர்களை அறிவித்தார்கள். முதல் பெயர் அலெக்சி லாஃப்ரெனியேர், நியூயார்க் ரேஞ்சர்ஸ் எடுத்தது. இரண்டாவது குவின்டன் பைஃபீல்ட், லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸுக்கு. மூன்றாவது ஜெர்மனியின் டிம் ஷ்டூட்ஸ்லே, ஒட்டாவா செனட்டர்ஸுக்கு. அன்றைக்கு லாஃப்ரெனியேர்தான் முதலிடம் என்பதில் யாருக்கும் பெரிய சந்தேகம் இல்லை. கியூபெக் ஜூனியர் லீகில் ரிமூஸ்கி அணிக்காக 52 ஆட்டத்தில் 112 புள்ளி (ஒரு கோலுக்கோ, கோலுக்கு உதவும் பாஸான அசிஸ்டுக்கோ ஒரு புள்ளி). பைஃபீல்ட் ஒன்டாரியோ லீகில் சட்பரி அணிக்காக 45 ஆட்டத்தில் 82 புள்ளி. ஆட்டத்துக்கு 2.15, ஆட்டத்துக்கு 1.82. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் முடிவு தெளிவாகத்தான் தெரியும்.

இப்போது பிறந்த தேதிகளைப் பாருங்கள். லாஃப்ரெனியேர் 2001 அக்டோபர் 11. பைஃபீல்ட் 2002 ஆகஸ்ட் 19. பத்து மாதத்துக்கு மேல் வித்தியாசம். அந்த சீசனின் பெரும்பகுதியை லாஃப்ரெனியேர் 18 வயதில் ஆடினார். பைஃபீல்ட் முழுக்க 17 வயதில். லாஃப்ரெனியேரின் 17 வயது சீசன் அதற்கு முந்தையது, 2018-19. அதில் அவர் எடுத்தது 61 ஆட்டத்தில் 105 புள்ளி, அதாவது ஆட்டத்துக்கு 1.72. வயதை வயதோடு வைத்துப் பார்த்தால் பைஃபீல்ட் ஒரு படி மேலேயே இருந்திருக்கிறார்.

நான்கு வருடம் கழித்து, 2023-24 சீசனில் லாஃப்ரெனியேர் 82 ஆட்டத்தில் 57 புள்ளி, பைஃபீல்ட் 80 ஆட்டத்தில் 55. ஏறத்தாழ ஒரே இடம். இளம் வீரர்களைப் பின்தொடரும் எவரும் ஒருவரின் புள்ளிக் கணக்கைத் திறக்கும் முன் பிறந்த தேதியைத் திறந்து பார்க்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இந்த இருவரே போதும்.

டிராஃப்ட் விதி இதை இன்னும் கூர்மையாக்குகிறது. செப்டம்பர் 15-ஆம் தேதிக்குள் 18 வயது நிரம்பினால் அந்த வருட டிராஃப்டில் தேர்வாகலாம். ஒரு நாள் தள்ளிப் பிறந்தாலும் அடுத்த வருடம்தான். ஆஸ்டன் மேத்யூஸ் 1997 செப்டம்பர் 17-இல் பிறந்தவர். இரண்டு நாளில் 2015 டிராஃப்டைத் தவறவிட்டு, ஒரு சீசன் சூரிச் அணிக்காகப் பெரியவர்களோடு ஆடி, 2016-இல் முதல் ஆளாகத் தேர்வானார். மறுமுனையில் மேத்யூ ஷேஃபர்: 2007 செப்டம்பர் 5. எல்லைக்குப் பத்தே நாள் முன்னால். 2024 டிசம்பரில் உலக ஜூனியர் போட்டியில் காறை எலும்பு முறிந்ததால் அந்த சீசனில் ஈரி ஆட்டர்ஸ் அணிக்காக 17 ஆட்டம்தான் ஆடினார், 22 புள்ளி. அவ்வளவு சின்னக் கணக்கை வைத்துக்கொண்டும் 2025-இல் நியூயார்க் ஐலாண்டர்ஸ் அவரை முதலிடத்தில் எடுத்தது. அந்த அக்டோபரிலேயே அவர் என்.எச்.எல்.லில் ஆடத் தொடங்கிவிட்டார். ஒரு டிராஃப்ட் வகுப்பில் மூத்தவருக்கும் இளையவருக்கும் நடுவே ஏறத்தாழ ஒரு முழு வருடம் இருக்கலாம். 17 வயதில் ஒரு வருடம் என்பது எலும்பு, தசை, தொடை பலம், ஆட்டத்தைப் படிக்கும் வேகம் எல்லாமே.

அடுத்து, எந்த லீகில் எடுத்த புள்ளி என்பது. இதற்கு ரசிகர்களிடம் ஒரு மாற்றுக் கணக்கு உண்டு: ஒவ்வொரு லீகுக்கும் ஒரு பெருக்கெண் வைத்து, அங்கே எடுத்த புள்ளி என்.எச்.எல்.லில் எவ்வளவுக்குச் சமம் என்று மதிப்பிடுவது. கேப்ரியல் டெஸ்ஜார்டின்ஸ் என்பவர் பரவலாக்கிய முறை இது. கனடாவின் மூன்று ஜூனியர் லீகுகளுக்கும் சுமார் 0.3, என்.எச்.எல்.லுக்கு அடுத்த படியான அமெரிக்கன் ஹாக்கி லீகுக்கு 0.4-க்குச் சற்று மேல். ஸ்வீடன், ரஷ்யா ஆகியவற்றின் முதல் நிலை லீகுகளுக்கு அதைவிட அதிகம். ஆளுக்கு ஆள் எண் கொஞ்சம் மாறும்.

2023 டிராஃப்டின் முதலிடத் தேர்வான கானர் பெடார்டை வைத்தே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 2022-23-இல் ரெஜைனா பேட்ஸ் அணிக்காக 57 ஆட்டத்தில் 143 புள்ளி. ஆட்டத்துக்கு 2.51. அதை 0.3-ஆல் பெருக்கினால் 0.75, 82 ஆட்டத்துக்கு சுமார் 62. அடுத்த வருடம் சிகாகோவில் அவர் எடுத்தது 68 ஆட்டத்தில் 61, அதுவும் பலவீனமான அணியில், தாடை முறிவுக்கு நடுவில். 82 ஆட்டத்துக்கு நீட்டினால் 73 பக்கம் வரும். கணிப்பைத் தாண்டினார். ஆனால் இந்தக் கணக்கு லீகின் சராசரியைச் சொல்கிறதே தவிர ஒரு தனி ஆளை அல்ல. இரண்டு பேரை ஒப்பிட உதவும். ஒருவரின் எதிர்காலத்தைச் சொல்ல உதவாது.

இன்னொரு எச்சரிக்கையும் இருக்கிறது. பழைய பெருக்கெண்கள் இப்போது ஆட்டம் காண்கின்றன. கனடிய ஜூனியர் லீகில் ஆடியவர்கள் அமெரிக்கக் கல்லூரி ஹாக்கிக்குப் போக முடியாது என்ற தடை, 2024 நவம்பரில் எடுத்த முடிவின்படி 2025 ஆகஸ்ட் 1 முதல் நீங்கியது. மெடிசின் ஹாட் அணியில் 56 ஆட்டத்தில் 129 புள்ளி எடுத்த கேவின் மெக்கென்னா உடனே பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 18, 19 வயது நல்ல ஆட்டக்காரர்கள் கல்லூரிப் பக்கம் நகர்ந்தால் ஜூனியர் லீகின் மேல்தட்டு மெலியும், கல்லூரி கடினமாகும். ஆக 2025-26-க்குப் பிறகான புள்ளிகளைப் பழைய எண்ணால் பெருக்கினால் ஜூனியர் வீரரை அதிகமாகவும் கல்லூரி வீரரைக் குறைவாகவும் மதிப்பிடும் ஆபத்து உண்டு. கல்லூரியில் எதிரே நிற்பவர் 22, 23 வயது ஆளாக இருக்கலாம் என்பதையும், ஜூனியரில் ஒரு சீசனுக்கு 64 முதல் 68 ஆட்டம் என்றால் கல்லூரியில் வார இறுதிகளில் நாற்பதுக்குள்தான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

புள்ளியைப் பிரித்துப் பார்க்காமல் விட்டால் ஏமாறுவோம். நான் கேட்கும் கேள்விகள் இவை. இதில் பவர் பிளேயில், அதாவது தண்டனையால் எதிரணி ஓர் ஆள் குறைவாக ஆடும் நேரத்தில், வந்தது எவ்வளவு? ஜூனியரில் ஒரு நட்சத்திரம் இரண்டு நிமிடப் பவர் பிளே முழுவதும் பனியில் நிற்பார், என்.எச்.எல்.லில் அவர் முதல் பவர் பிளே குழுவுக்குள் நுழையவே வருடங்கள் ஆகும். அப்போது மிஞ்சுவது ஐந்துக்கு ஐந்து ஆட்டம்தான். அசிஸ்டுகளில் கோல் அடித்தவருக்கு நேராகக் கொடுத்தது எத்தனை, அதற்கும் முந்தைய தொடுகை எத்தனை? இரண்டாவது வகை வருடத்துக்கு வருடம் நிலைக்காது. கோல்கள் எத்தனை ஷாட்டில் வந்தவை? நெயில் யாகுபோவ் 2012-இல் முதலிடத்தில் தேர்வானவர். முதல் சீசனில் 48 ஆட்டத்தில் 17 கோல். நல்ல தொடக்கம்தான், ஆனால் அவர் அடித்த ஷாட்டில் ஏறத்தாழ 21 சதவீதம் வலைக்குள் போயிருந்தது. முன்வரிசை ஆட்டக்காரருக்கு 10, 12 சதவீதமே வழக்கம். அடுத்த சீசனில் 63 ஆட்டத்தில் 11 கோல் என்று இறங்கியபோது வீரர் கெட்டுப்போய்விட்டார் என்று பேசினார்கள். அதிர்ஷ்டம் திரும்பிப் போனது என்பதுதான் அதில் பாதி.

ஐரோப்பிய வீரர்களுக்கு முக்கியம் பனியில் நின்ற நேரம். ஸ்வீடனின் முதல் லீகில் 17 வயதுப் பையனை நான்காவது வரிசையில் வைத்து ஆட்டத்துக்கு ஆறேழு நிமிடம் விடுவார்கள். 30 ஆட்டத்தில் 4 புள்ளி என்று பார்த்துவிட்டு ஒதுக்கிவிடக் கூடாது; அந்த வயதில் பெரியவர்கள் அணியில் பயிற்சியாளர் அவரை நம்பி இறக்குகிறார் என்பதே செய்தி. லியோ கார்ல்சன் ஒரெப்ரோ அணிக்காக 44 ஆட்டத்தில் 25 புள்ளி எடுத்தது ஜூனியர் எண்களுக்குப் பழகிய கண்ணுக்குச் சாதாரணமாகத் தெரியும். 2023-இல் பெடார்டுக்கு அடுத்து அவரைத்தான் எடுத்தார்கள்.

எண்ணைப் படித்த பிறகுதான் ஆட்டத்தைப் பார்க்க வேண்டும் என்பது என் பழக்கம். கோல் தொகுப்புக் காணொளி உதவாது. அது ஒருவர் செய்த பத்து நல்ல காரியத்தைக் காட்டும், அதற்காக அவர் முப்பது தடவை பக்கை (ஆடும் ரப்பர் வட்டை) இழந்ததைக் காட்டாது. முழு ஆட்டம் வேண்டும். ஒரு சீசனுக்கு ஐந்து போதும்: அக்டோபரில் ஒன்று, டிசம்பருக்குள் ஒன்று, பிப்ரவரியில் இரண்டு, பிளே ஆஃபில் ஒன்று. வலுவான எதிரணியோடு ஆடும் ஆட்டமாகத் தேர்ந்தெடுங்கள். டொராண்டோ வட்டாரத் தமிழர்களுக்கு இதில் ஒரு வசதி: ஏஜாக்ஸ், ஸ்கார்பரோ பக்கத்திலிருந்து ஓஷாவா ஜெனரல்ஸ் அரங்கமும், மேற்கே இருப்பவர்களுக்கு பிராம்ப்டன் ஸ்டீல்ஹெட்ஸ் அரங்கமும் கார் தூரம்தான். நேரில் பார்த்தால் தொலைக்காட்சி காட்டாத ஒன்று தெரியும்: பக் இல்லாத நேரத்தில் அவர் என்ன செய்கிறார் என்பது.

பார்க்கும்போது கண் பக்கின் மேல் போகக் கூடாது. ஒரு வீரர் ஒரு தடவை பனிக்கு வந்தால் 40, 45 விநாடி நிற்பார். இறங்கியதும் ஒரு வரி எழுதுங்கள். ஒரு ஆட்டத்துக்கு இருபது இருபத்தைந்து வரி வரும். நான் தேடுவது நான்கு விஷயம். முதலில், தலை. மூலைக்குள் கிடக்கும் பக்கை எடுக்கப் போகும் ஒரு டிஃபென்ஸ்மேனைக் கவனியுங்கள். பக்கைத் தொடும் முன் இரண்டு தடவை தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கிறாரா? முதல் பார்வையில் துரத்துபவர் எந்தப் பக்கம் வருகிறார் என்று தெரியும், இரண்டாவதில் தன் அணி ஆள் எங்கே காலியாக நிற்கிறார் என்று. பார்த்தவருக்குப் பக் கையில் வந்த மறு நொடியே பாஸ் வெளியே போய்விடும். பார்க்காதவர் பக்கை எடுத்த பிறகு தலையைத் தூக்குவார், அதற்குள் ஆடுகளத்தின் சுற்றுப் பலகையோடு சேர்த்து நசுக்கப்படுவார், அல்லது கண்ணாடியை ஒட்டிக் குருட்டாம்போக்கில் வெளியே அடிப்பார். ஜூனியரில் துரத்துபவர் அரை நொடி தாமதமாக வருவதால் இந்தக் குறை மறைந்துவிடும். மேலே போனதும் வெளிப்படும்.

இரண்டாவது, எதிரணியின் பகுதி தொடங்கும் நீலக்கோட்டைத் தாண்டுவது. பக்கைக் கட்டுப்பாட்டோடு கொண்டுபோகிறாரா, உள்ளே அடித்துவிட்டுத் துரத்துகிறாரா? எத்தனை தடவை முயன்றார், எத்தனை தடவை போய்ச் சேர்ந்தார் என்று கோடு போட்டு எண்ணுங்கள். மூன்றாவது, உள்ளே நுழைந்த பிறகு வலைக்கு நேரான நடுப்பகுதிக்குப் போகிறாரா, ஓரமாகவே சுற்றுகிறாரா? இதில்தான் உயரமான பையன்கள் நம்மை ஏமாற்றுவார்கள். 16 வயதிலேயே ஆறடி தாண்டியவர் கையை நீட்டி, உடம்பை நடுவில் வைத்து ஓரமாகவே கடந்துவிட முடியும். என்.எச்.எல்.லில் எல்லோருக்கும் கை நீளம், ஓரப்பாதை மூடிக்கொள்ளும். சின்ன வயதில் குட்டையாக இருந்து, உள்ளே போக வேறு வழி தேடிப் பழகியவர் சில நேரம் முந்திவிடுவார். 2022-இல் 62-ஆவது இடத்தில்தான் மாண்ட்ரியால் எடுத்த லேன் ஹட்சன், உயரம் போதாது என்று பல அணிகள் தயங்கிய டிஃபென்ஸ்மேன். 2024-25-இல் 66 புள்ளியோடு சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் கோப்பையை வாங்கினார். அவர் நீலக்கோட்டில் தோளை ஒரு பக்கம் சாய்த்து, இடுப்பை மறுபக்கம் திருப்பித் துரத்துபவரை எதிர்த்திசையில் அனுப்பும் விதத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நான்காவது, பக்கை இழந்த மறு நொடி. திரும்பி வருகிறாரா, கையை விரிக்கிறாரா?

ஸ்கேட்டிங் தனியாகப் பேச வேண்டியது. வேகம் எல்லோர் கண்ணிலும் படும். வேகம் ஏன் வரவில்லை என்பதைப் பார்க்கப் பழக வேண்டும். முழங்கால் போதுமான அளவு மடியாமல் நிமிர்ந்து ஓடுபவருக்கு ஒவ்வொரு தள்ளலும் குட்டையாகிவிடும். காலைப் பக்கவாட்டில் தள்ளாமல் பின்னால் உதைப்பவருக்கு பிளேடின் உள்விளிம்பு முழுதாகப் பனியைப் பிடிக்காது. தள்ளிய கால் உடம்புக்கு நேர் கீழே திரும்பி வராமல் அகலமாக இறங்கினால் அடுத்த தள்ளலில் பாதி வீண். இவை எல்லாம் திருத்தக்கூடியவை. அதனால் 17 வயதில் ஸ்கேட்டிங் குறை என்று எழுதியிருந்தால் நான் பயப்படுவதில்லை, எந்த வகைக் குறை என்றுதான் பார்ப்பேன். பிரேடன் பாயின்ட் 2014-இல் 79-ஆவது இடத்தில்தான் டாம்பா பேவுக்குப் போனார்: குட்டையானவர், ஸ்கேட்டிங்கும் போதாது என்றார்கள். முன்னாள் உலக சாம்பியன் ஜோடி ஸ்கேட்டரான பார்பரா அண்டர்ஹில் உள்ளிட்டவர்களிடம் பயிற்சி பெற்றார். சில வருடத்தில் லீகின் வேகமான சென்டர்களில் ஒருவராக நின்றார். திருத்த முடியாதது வேறு: கால் முழு வேகத்தில் ஓடும்போது கையும் மூளையும் அதே வேகத்தில் ஓடாமல் நின்றுவிடுவது. பக் இல்லாமல் பறந்து, பக் வந்ததும் காலை நிறுத்தி வழுக்கிக்கொண்டு போகும் வீரரைப் பார்த்தால் என் குறிப்பில் ஒரு கேள்விக்குறி விழும்.

டிராஃப்டுக்குப் பிறகான முதல் வருடத்தை ரசிகர்கள் டி பிளஸ் ஒன் என்பார்கள். எனக்கு டிராஃப்ட் வருடத்தைவிட இதுதான் பெரிய சான்று. எலியாஸ் பெட்டர்சன் 2017-இல் ஐந்தாவதாகத் தேர்வானபோது ஸ்வீடனின் இரண்டாம் நிலை லீகில் டிம்ரோ அணியில் ஆடியவர். 43 ஆட்டத்தில் 41 புள்ளி. அடுத்த வருடம் முதல் லீகுக்கு ஏறி, வேக்ஷோ அணிக்காக 44 ஆட்டத்தில் 56 எடுத்தார். அந்த லீகில் 20 வயதுக்கு உட்பட்ட எவரும் அதுவரை ஒரு சீசனில் அவ்வளவு எடுத்ததில்லை. லீக் கடினமாகிறது, புள்ளி கூடுகிறது. இதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரியாது. மாறாக, ஒரே ஜூனியர் லீகில் இருந்துகொண்டு 18 வயதில் எடுத்த அளவையே 19 வயதிலும் எடுப்பவர் உண்மையில் பின்தங்குகிறார், ஏனென்றால் சுற்றி இருப்பவர்கள் இப்போது அவரைவிட இளையவர்கள்.

இறக்கி அனுப்பப்பட்டதை எப்போதும் தோல்வியாகப் படிக்க வேண்டாம். 18, 19 வயதில் கையெழுத்திட்டவர் ஒரு சீசனில் என்.எச்.எல்.லில் பத்து ஆட்டத்துக்குக் குறைவாக ஆடினால் அவருடைய மூன்று வருடத் தொடக்க ஒப்பந்தம் ஒரு வருடம் தள்ளிப்போகும். அதனால்தான் அக்டோபர் முடிவில் ஒன்பது ஆட்டம் ஆடிய கையோடு பலர் ஜூனியருக்குத் திரும்புகிறார்கள். அது கணக்காளரின் முடிவு. ஜூனியரிலிருந்து எடுத்தவரை 20 வயதுக்கு முன் அமெரிக்கன் ஹாக்கி லீகுக்கு அனுப்ப முடியாது என்ற விதி நீண்ட நாள் இருந்தது. ஜூனியருக்கு அதிகம், என்.எச்.எல்.லுக்குக் குறைவு என்ற நிலையில் 19 வயதில் ஒரு வருடத்தை வீணடித்தவர்கள் ஏராளம். லீகும் வீரர்கள் சங்கமும் செய்த புதிய ஒப்பந்தப்படி 2026-27 முதல் அணிக்கு ஒரு 19 வயது வீரருக்கு அந்தக் கதவு திறக்கிறது. நல்ல மாற்றம், தாமதமாக வந்தது. பைஃபீல்டுக்கு அந்தக் கதவு தற்செயலாகத் திறந்தது: கொரோனாவால் ஒன்டாரியோ லீக் 2020-21-இல் நடக்கவே இல்லை. 18 வயதில், கலிஃபோர்னியாவில் இருக்கும் ஒன்டாரியோ ரெய்ன் என்ற அமெரிக்கன் ஹாக்கி லீக் அணிக்காகப் பெரியவர்களோடு 32 ஆட்டம் ஆடி 20 புள்ளி எடுத்தார்.

அதன் பிறகான அவருடைய வரிசை: அடுத்த சீசனுக்கு முன் கணுக்கால் முறிவு, 40 ஆட்டத்தில் 10 புள்ளி. பின் 53 ஆட்டத்தில் 22, அதில் கோல் வெறும் 3. அந்த 3 கோலை வைத்து அவரை வீண் தேர்வு என்று எழுதியவர்கள் அதிகம். ஆனால் அதே சீசனில்தான் அவரை சென்டரிலிருந்து இடது ஓரத்துக்கு நகர்த்தி, கோபிடாரும் கெம்பேவும் ஆடும் முதல் வரிசையில் சேர்த்தார்கள். மூலையில் பக்கை மீட்பது, வலைமுன் இடம் பிடிப்பது என்று அவர் செய்தவை புள்ளிப் பட்டியலில் வராதவை. அடுத்த சீசனில் 20 கோல், 55 புள்ளி. ஸ்லாஃப்கோவ்ஸ்கியும் இப்படித்தான்: 2022-இல் மாண்ட்ரியாலின் முதலிடத் தேர்வு, முதல் சீசனில் 39 ஆட்டத்தில் 10 புள்ளி, இரண்டாவதில் 82 ஆட்டத்தில் 50. என் குறிப்பேட்டில் 200 என்.எச்.எல். ஆட்டம் ஆகும் வரை முன்வரிசை ஆட்டக்காரரைப் பற்றி இறுதி வரி எழுதுவதில்லை. டிஃபென்ஸ்மேனுக்கு அதைவிட அதிகம்.

கோல்கீப்பர்களுக்கு இந்த அளவுகோல் எதுவும் பொருந்தாது. 18 வயதில் அவர்களைக் கணிப்பது ஏறக்குறைய இருட்டில் கல் எறிவது. கானர் ஹெல்லபக் 2012-இல் 130-ஆவது, ஒடெசா என்ற டெக்சாஸ் ஊர் அணியிலிருந்து. கல்லூரி, பின் அமெரிக்கன் ஹாக்கி லீக் என்று போய், 2020, 2024, 2025 ஆகிய மூன்று வருடமும் சிறந்த கோல்கீப்பருக்கான வெசினா கோப்பையை வாங்கினார். இகோர் ஷெஸ்டெர்கின் 2014-இல் 118-ஆவது. ரஷ்யாவில் வருடங்கள் கழித்து, 24 வயதில், 2020 ஜனவரி 7 அன்றுதான் ரேஞ்சர்ஸுக்காக முதல் ஆட்டம். சேவ் சதவீதம் (வந்த ஷாட்டுகளில் தடுத்தவற்றின் பங்கு) அணியின் தற்காப்பைப் பொறுத்து ஏறி இறங்கும்; ஒரு சீசன் எண்ணை நம்ப முடியாது. நான் பார்ப்பது, ஷாட்டுக்கு முன்பே இடம் பிடித்து நிற்கிறாரா, இல்லை ஷாட் வந்த பிறகு பாய்கிறாரா என்பதை. பக்கம் மாறும் பாஸ் வந்ததும் முதலில் தலை திரும்புகிறதா, உடம்பு திரும்புகிறதா? தலை முதலில் போனால் தோளும் காலும் சரியான கோணத்தில் வந்து சேரும். உடம்பு முதலில் சரிந்தால் வலையின் அருகுப்பக்கம் திறந்துவிடும், அங்கேதான் கோல் விழும். பாய்ந்து தடுத்த அழகான சேவ்களை எண்ணாதீர்கள். எதுவும் நடக்காததுபோல நெஞ்சில் வாங்கியவற்றை எண்ணுங்கள். அந்த எண் கூடிக்கொண்டே வந்தால், அவருக்கு 22 வயதாகும் வரை காத்திருந்து மறுபடி பாருங்கள்.